கனடாவிலிருந்து வந்த நீலப்பூ விதை திருகோணமலையில் பூக்குமா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது. வீடு திருகோணமலை நகரில், கோட்டை வாசலுக்கு நடந்து போகும் தூரத்தில். முன்முற்றத்தில் எதை நட்டாலும் இரவில் மான் வந்து மொட்டையடித்துவிடுகிறது. செவ்வரத்தை மூன்று முறை போய்விட்டது. டொரொண்டோவில் இருக்கும் மகள், தன் வீட்டு வாசலில் நீலப்பூக் கதிர்களோடு நிற்கும் ஒரு செடியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "இதை மான் தொடாது அம்மா, ஒருமுறை வைத்தால் இருபது வருடம் நிற்கும்" என்று சொல்லி, ஊருக்கு வந்த உறவினர் கையில் ஒரு சிறு பொட்டலம் விதையும் கொடுத்துவிட்டிருக்கிறார். பெயர் ஃபால்ஸ் இண்டிகோ. எந்த மாதம் விதைப்பது, என்ன பசளை போடுவது?

தங்கச்சி, விதைக்க வேண்டாம். அந்த விதை இங்கே முளைக்கும். கொஞ்சக் காலம் நன்றாகவே வளரும், உங்களுக்கு ஆசையும் காட்டும். ஆனால் படத்தில் இருக்கும் அந்தப் பூவைத் திருகோணமலையில் நீங்கள் பார்க்கப் போவதில்லை. இதை நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. என் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

படத்தில் இருப்பது பப்டிசியா ஆஸ்திராலிஸ். பெயரைப் பார்த்து அவுஸ்திரேலியாச் செடி என்று எண்ண வேண்டாம். இலத்தீனில் ஆஸ்திராலிஸ் என்றால் தெற்கத்தியது என்று பொருள். அதன் சொந்த இடம் வட அமெரிக்காவின் கிழக்கும் நடுவும். பப்டிசியா என்பது தோய்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தேவாலயத்தில் ஞானஸ்நானத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதே வேர்தான். துணியைச் சாயத்தில் தோய்ப்பதைக் குறித்து வைத்த பெயர். அந்நாட்டுப் பழங்குடி மக்களும், பிறகு அங்கே குடியேறிய ஐரோப்பியரும் இந்தச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்கள். சாயம் வந்தது, ஆனால் உண்மையான அவுரியின் தரத்துக்கு வரவில்லை. அதனால்தான் ஃபால்ஸ் இண்டிகோ, அதாவது 'பொய் அவுரி' என்று பெயர் விழுந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பொய் அவுரி என்றால் மெய் அவுரி எங்கே இருந்தது? நம் பக்கத்தில்தான். இண்டிகோ என்ற சொல்லுக்கே 'இந்தியாவிலிருந்து வந்த பொருள்' என்றுதான் அர்த்தம். நம்முடைய 'நீலம்' அரபு வழியாகப் போர்த்துக்கேயர் வாய்க்குப் போய் 'அனில்' ஆகி, கடைசியில் வேதியியல் பாடத்தில் அனிலின் என்று வந்து நிற்கிறது. அசல் நம் காலடியில் கிடக்கிறது. நாம் நகலின் விதையைப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் விமானத்தில் வரவழைத்திருக்கிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அதே வேலையைச் செய்தவன்தான்.

மகள் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. பப்டிசியா அருமையான செடி. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுத் தாவரம் என்று தெரிந்தெடுக்கப்பட்டது. மூன்று நான்கு அடி உயரம், அதே அளவு அகலம். இலை நீலம் பூசிய பச்சை. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் வேளையில் அவரைப்பூச் சாயலில் கதிர் கதிராகப் பூக்கும். பூ உதிர்ந்தபின் காய்கள் ஊதிய பலூன்போலப் பருத்து, முற்றியதும் கரிய நிறமாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். குழந்தைகள் அதைக் கிலுகிலுப்பையாக வைத்து விளையாடுவார்கள் என்று சொல்வதுண்டு. இலையிலும் விதையிலும் சிற்றிசின் போன்ற நச்சுக் காரப்பொருள்கள் உண்டு என்பதால் அந்த விளையாட்டை நான் ஊக்குவிக்க மாட்டேன். மான் தொடாததற்கும் அந்தக் கசப்புத்தான் காரணம்.

வேர்தான் அதன் உயிர். ஆழமாக இறங்கும் தடித்த ஆணிவேர். முதல் இரண்டு ஆண்டும் செடி மேலே ஒன்றும் காட்டாமல் கீழேயே வேலை செய்துகொண்டிருக்கும். விதையிலிருந்து வந்தால் மூன்றாம் ஆண்டில்தான் பூவை எதிர்பார்க்கலாம். வேர் இறங்கிய பிறகு வரட்சிக்கு அஞ்சாது, வறிய மண்ணுக்கும் அஞ்சாது. அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சில் குடியிருக்கும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். அதற்கு ஒத்துவராதது இரண்டு: இடம் மாற்றுவது, தண்ணீர் தேங்குவது.

இவ்வளவையும் கேட்டால் வரட்சி வலயத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி உண்டா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோளாறு வரட்சியில் இல்லை, குளிரில் இருக்கிறது.

டொரொண்டோவில் இலையுதிர் காலம் வந்ததும் பப்டிசியாவின் மேற்பகுதி முழுவதும் கருகி விழும். மண்ணுக்குக் கீழே வேர்த்தலையில் அடுத்த ஆண்டுக்கான குருத்துகள் மட்டும் உறங்கும். நீண்ட குளிர் பட்ட பிறகே அந்த உறக்கம் கலையும். அதாவது குளிர் அதற்குத் துன்பமில்லை, கடிகாரம். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டைக் குளிரின் அளவை வைத்து வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பப்டிசியாவுக்கு 3 முதல் 9 வரை என்பார்கள். அதில் மிகவும் சூடான ஒன்பதாம் வலயத்திலேயே குளிர்கால இரவில் நீர் உறையும். நம் ஊரில் தை மாதத்து விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு 'என்ன குளிர்' என்கிறோமே, அப்போதும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

பகலின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. டொரொண்டோவில் ஆனி மாதத்தில் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும், மார்கழியில் ஒன்பது மணிக்கும் குறையும். திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம் அளவுதான் வித்தியாசம். பருவம் மாறியதை அந்தச் செடிக்கு எடுத்துச் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை.

இனி என் கதை. விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, என் மருமகன் வெளிநாட்டிலிருந்து இதே விதையைக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு இருபத்தைந்து வருடம் புத்தி சொன்னவன், எனக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டு விதை. தோல் கல்போல இருந்தது. சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றையும் தேய்த்து, ஒரு நாள் ஊறவைத்து, ஈர மணலோடு பொலித்தீன் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைத்தேன். உறையவைக்கும் அறையில் அல்ல, மரக்கறி வைக்கும் தட்டில். வீட்டுக்காரி கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் மண் வைத்ததற்குப் பேசியது தனிக்கதை. ஐந்து முளைத்தன. உப்புவெளி வளவில், மணலைக் கிளறி, மக்கிய மாட்டெரு கொஞ்சம் கலந்து நட்டேன். கார்த்திகை அடைமழையில் இரண்டு அடியோடு அழுகின. இரண்டு, கச்சான் காற்று தொடங்கிய வைகாசியில் கீழிலையிலிருந்து மஞ்சளாகி ஒவ்வொரு இலையாக விட்டன. கடைசி ஒன்று பதினான்கு மாதம் இருந்தது. முழங்கால் உயரம். ஒரு மொட்டும் இல்லை. நான் பிடுங்கவில்லை, அதுவாகவே போனது.

அந்தப் பரிசோதனையில் நான் வெட்கப்படுவது செடி போனதற்காக அல்ல. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு விதையோ பதியமோ அனுமதிப்பத்திரமும் அந்நாட்டுத் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் உள்ளே வரக் கூடாது. பயணப்பையில் சொக்கிலேற்றுக்கு நடுவே வரும் சிறு பொட்டலத்துக்கும் அது பொருந்தும். இதை வெறும் அலுவலகக் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பப்டிசியா காய்க்குள்ளேயே குடியிருந்து விதையைத் தின்னும் ஒரு சிறிய கூன்வண்டு அமெரிக்காவில் உண்டு. ஓட்டை விழுந்த விதையோடு அது ஒருமுறை வந்து இறங்கிவிட்டால், நம் பயற்றங்காய்க்கு ஆபத்தில்லை என்று யார் உறுதி கொடுப்பது? ஆகவே பொட்டலத்தைத் திறந்து முற்றத்தில் கொட்டாதீர்கள். அருகிலுள்ள விவசாய அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மனமில்லையென்றால் அடுப்பில் போடுங்கள்.

மகளுக்கு நான் சொல்வதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், அவருக்கு அது பயன்படும். நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு சாய்ந்து முட்டுக்கொடுக்க வேண்டி வரும். செடிக்குச் செடி நான்கு அடி. இடத்தை ஒரே முறைதான் தெரிவு செய்யலாம், பிறகு அசைக்கக் கூடாது. பசளை போடாமல் இருப்பதே நல்லது. பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் செடி உருண்டையாக நிற்கும், ஆனால் கறுப்புக் காய் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். வெள்ளைப்பூ வேண்டுமானால் பப்டிசியா ஆல்பா, மஞ்சளுக்கு பப்டிசியா ஸ்பேரோகார்ப்பா. கடையில் ஃபால்ஸ் இண்டிகோ என்றே பெயர் எழுதி அமோர்ஃபா என்ற இன்னொன்றையும் விற்பார்கள். அது இரண்டு ஆள் உயரத்துக்குப் போகும் பற்றைமரம். ஐரோப்பாவில் ஆற்றங்கரைகளை அடைத்துக்கொண்டு தொல்லை தருகிறது. பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

இப்போது உங்கள் முற்றத்துக்கு வருவோம். மகளின் செடியில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று பிரித்துப் பார்த்தேன். நீலப்பூ. மான் தின்னாதது. ஒருமுறை வைத்தால் தண்ணீர் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்பது. இந்த மூன்றும் ஒரே செடியில் நம் ஊரில் கிடைக்காது. பிரித்துப் பிரித்துக் கிடைக்கும், அவ்வளவுதான்.

மான் தின்னாதது, சாகாதது என்ற இரண்டுக்கும் என் கை முதலில் போவது கொழிஞ்சிக்கு. யாழ்ப்பாணத்தார் காவிளாய் என்பார்கள். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காட்டு இண்டிகோ! அமெரிக்காவில் பப்டிசியாவையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள். இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டுக்கும் ஆழமான ஆணிவேர், இரண்டின் விதைக்கும் கல்லான தோல், இரண்டையும் மேய்ச்சல் விலங்கு விரும்பாது. ஒன்றுக்குக் குளிர் வேண்டும், மற்றதற்கு நம் வெயில் போதும்.

நிலாவெளிப் பக்கம் போகும்போது வீதியோர மணலில் பாருங்கள், இரண்டு அடி உயரத்தில் சாம்பல் பச்சை இலையோடு நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். மற்ற இலைபோல நேராகக் கிழியாது, அம்பின் வால்போலக் கவராகப் பிரியும். சின்ன வயதில் நாங்கள் இதை வைத்துப் பந்தயம் கட்டியதுண்டு. பூ சிறியது, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். காய் தட்டையாகச் சற்று வளைந்திருக்கும். ஒரு செடியாக நட்டால் 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்பீர்கள், அதனால் ஒன்று நடாதீர்கள். மதிலோரமாக ஒரு அடி இடைவெளியில் இருபது முப்பது செடி போட்டால், மாரி முடிந்து வெயில் விழும் மாசி பங்குனியில் வரிசை முழுவதும் ஊதாப் புகை படர்ந்ததுபோல இருக்கும்.

நம் பெரியவர்கள் இதைப் பூவுக்காக வளர்த்ததில்லை. வயலுக்குப் பசுந்தாட் பசளை. தம்பலகாமத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், இலைப்பசளைக்கு வெட்டும் கிளிசரியா வேலி எல்லா இடத்துக்கும் பரவிய பின்னும், கொழிஞ்சி மடித்து உழுத வயலைப் பயிரின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கிழவர்கள் இருந்தார்கள். உங்கள் முற்றத்து மணலுக்கும் அது அதே நன்மையைச் செய்யும். ஒரு வருடம் கழித்து ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள், சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் பக்டீரியா உயிரோடு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இதனால்தான் யூரியாவைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்கிறேன். வெளியிலிருந்து நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

விதைக்கும் முறையில் ஒரு இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கொழிஞ்சி விதையின் தோலில் மெழுகுபோன்ற பூச்சு இருக்கிறது. அப்படியே போட்டால் அரைவாசி முளைக்காமல் மண்ணில் கிடந்து, அடுத்த மாரிக்கும் அதற்கடுத்த மாரிக்கும் நினைத்தபோது முளைக்கும். கைப்பிடி விதையைக் கரடுமுரடான ஆற்றுமணலோடு சேர்த்து உரலில் போட்டு மெதுவாகத் தேயுங்கள், இடிக்கக் கூடாது. அல்லது கை தாங்க முடியாத, ஆனால் கொதிக்காத சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் உப்பியது மட்டும் தயார். நாற்றுமேடை வேண்டாம். நிற்க வேண்டிய இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பப்டிசியாவைப்போல இதற்கும் வேரைத் தொட்டால் கோபம். புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையில் போட்டால், கார்த்திகை வெள்ளம் வருவதற்குள் நாற்று நிமிர்ந்துவிடும். உங்கள் இடம் மணல் என்பதால் தண்ணீர் தேங்காது, பயமில்லை. முதலாவது கோடையில் மட்டும் கிழமைக்கு ஒரு வாளி. அதன் பிறகு மறந்துவிடலாம். கடற்காற்றின் உப்பையும் தாங்கும்.

ஆனால் இடத்தை யோசித்து வையுங்கள். மூன்று வயதுக் கொழிஞ்சியைப் பிடுங்க அலவாங்கு வேண்டும். வேண்டாம் என்றால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள், வேர் உள்ளேயே மக்கட்டும். இன்னொன்று, வேரில் மீனை மயக்கும் நஞ்சு இருக்கிறது. மீன்தொட்டி, தாமரைத்தொட்டி இருந்தால் வெட்டிய கழிவை அதற்குள் விழ விடாதீர்கள். ஈரலுக்கு நல்லது, மண்ணீரலுக்கு நல்லது என்று வேரை அவித்துக் குடிக்கச் சொல்பவர்கள் வருவார்கள். சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது வேறு. வேலியில் பிடுங்கி வீட்டில் அவிப்பது வேண்டாம்.

நீலப்பூவுக்கு நேரான விடை காக்கணம். சங்குப்பூ என்றும் சொல்வோம். பப்டிசியாவின் நீலம் சற்று ஊதா கலந்தது. காக்கணத்தின் நீலத்துக்கு முன்னால் அது வெளிறித்தான் தெரியும். விதைத்து இரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். கோவிலுக்கும் ஆகும். அடுக்கிதழ் வகையும் உண்டு. எனக்கு ஒற்றை இதழே அழகு. பூவைச் சுடுநீரில் போட்டால் நீலமாகும், தேசிக்காய்ப் புளி விட்டால் ஊதாவாக மாறும், பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம்.

ஆனால் மான்! காக்கணத்தைப் பல நாடுகளில் மாட்டுக்குத் தீவனமாகவே பயிரிடுகிறார்கள் என்பதை மறந்துவிட்டு மதிலோரம் நட்டால், நீங்கள் மானுக்கு விருந்து வைக்கிறீர்கள். நம் புள்ளிமான் பின்னங்காலில் எழுந்து நின்றும் எட்டும். ஆகவே கொடியை வெளிமதிலில் விடாமல், விறாந்தைத் தூணில் அல்லது உள்முற்றத்துக் கம்பிவலையில் ஏற்றுங்கள். கீழே ஆறு அடிவரை நெருக்கமான வலை அல்லது மூங்கில் தட்டி கட்டிவிட்டு, அதற்கு மேலே பூக்கட்டும். வெளியே கொழிஞ்சி வரிசை, அதற்கு இடையிடையே நித்தியகல்யாணி. பால் கசியும் அலரியும் கசப்பான நித்தியகல்யாணியும் மானின் வாய்க்குப் பிடிப்பதில்லை. கோட்டையைச் சுற்றி நடந்து பாருங்கள். மான்கள் நூற்றுக்கணக்கில் சுற்றும் இடத்தில் எந்தச் செடி முழு இலையோடு நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு ஏற்றது. அந்தப் பட்டியலை எந்த நிபுணரும் உங்களுக்கு அதைவிடச் சரியாக எழுதித் தர முடியாது.

அந்தப் பாவங்களை அதிகம் திட்டாதீர்கள். காடு போய், கடற்கரையில் பொலித்தீன் பையைத் தின்று அலையும் நிலைக்கு வந்தபின் உங்கள் செவ்வரத்தை அவற்றுக்கு அமுதம்தான்.

மெய் அவுரியைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது முன்முற்ற அலங்காரத்துக்கு உகந்த செடி அல்ல. நான்கைந்து அடி வளரும், இலை அழகு, ஆனால் பூ இலைக் கக்கத்தில் ஒளிந்திருக்கும், சிவப்பும் ஊதாவுமாக அரிசியளவு. நீலம் பூவில் இல்லை, இலைக்குள் இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். பின்வளவில் கிணற்றடி தவிர்த்து மேடான இடத்தில் நான்கைந்து செடி வைக்கலாம். விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அடைமழை விட்டபின் தையில் போடுவது எனக்குச் சரிவந்தது. ஐப்பசியில் போட்டால் உயர்த்திய பாத்தி வேண்டும்.

மூன்று நான்கு மாதத்தில், பூ எட்டிப் பார்க்கும் நேரத்தில், அடியில் ஒரு அடி விட்டு வெட்டுங்கள். திரும்பத் தழைக்கும். வெட்டிய இலையை அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில் கல் வைத்து அமிழ்த்திவிடுங்கள். மாலையில் வைத்தால் காலையில் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகி, மேலே செம்பு நிறத்தில் ஒரு படலம் மினுங்கும். நாறும், அது சரியான நாற்றம். இலையிலிருந்த இண்டிகான் என்ற பொருள் உடைந்து நீரில் கரைந்திருக்கிறது. இலையை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, கோப்பையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து அரை மணி நேரம் ஆற்றுங்கள், தேநீர் ஆற்றுவதுபோல. காற்றுப் பட்டதும் நுரை நீலமாகும். அந்தக் கணத்துக்காகவே ஒருமுறை செய்து பார்க்கலாம். இரவு தெளியவிட்டால் அடியில் நீலச் சேறு நிற்கும். பத்துக் கிலோ பச்சை இலைக்குச் சில பத்துக் கிராம்தான் தேறும் என்பதால் கைத்தறி நிலையம் திறக்கும் எண்ணம் வேண்டாம். ஜேர்மன் விஞ்ஞானி அடோல்ஃப் ஃபொன் பேயர் 1880இல் ஆய்வுகூடத்தில் இதே நீலத்தைச் செய்து காட்டினார்; 1897இல் பாஸ்ஃப் (BASF) என்ற இரசாயன நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்ததோடு இலைநீலத்தின் பெரிய வணிகம் சரிந்தது. இன்றைக்கு வீட்டு அவுரியின் பெரிய உபயோகம் தலைமுடிதான். மருதோன்றி பூசி அலசியபின் அவுரி இலைத்தூள் குழைத்துப் பூசினால் கறுக்கும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள், சிலருக்கு அரிக்கும்.

மூன்றையும் ஒரே மாரியில் தொடங்க வேண்டியதில்லை. இந்த ஐப்பசிக்குக் கொழிஞ்சி வரிசையையும், வலை கட்டி முடிந்தால் காக்கணத்தையும் போடுங்கள். விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காக்கணம் பக்கத்துக் கோவில் வேலியிலேயே காய்த்துக் கிடக்கும். கொழிஞ்சிக் காயைப் பழுப்பு நிறம் ஏறியதும் விடியற்காலையில், பனி ஈரம் காயுமுன் போய்ப் பறியுங்கள். பத்து மணி வெயில் ஏறினால் காய் படீரென்று முறுக்கி வெடித்து விதையெல்லாம் மணலுக்குப் போய்விடும். பறித்ததை உடனே துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள், பைக்குள்ளேயே வெடிக்கட்டும்.